மலை எப்போது மலைநிலம் ஆகிறது?

சிலாங்கூர் மாநிலத்தின் வடக்கே, பிரேசர் மலைக்கு ஏறும் சாலையின் அடிவாரத்தில் அம்பாங் பெச்சா என்னும் சிற்றூர் உள்ளது. மலாய்மொழியில் ‘அம்பாங்’ என்றால் நீரைத் தடுத்து நிறுத்தும் அணை. ‘பெச்சா’ என்றால் உடைதல். உடைந்த அணை என்பதே ஊரின் பெயராக நின்றுவிட்டது. 1883ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில், ஈயம் எடுப்போருக்காக முற்காலத்தில் மண்ணாலும் மரத்தாலும் கட்டப்பட்டிருந்த அணை ஒன்று பெருமழையில் உடைந்தது. அதன் கீழே இருந்த கோல குபு நகரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. அப்பகுதியின் ஆங்கிலேய அதிகாரியாக இருந்த சிசில் ராங்கிங்கும் மாண்டவர்களில் ஒருவர். அணையைக் காத்துவந்த வெள்ளை முதலையை அவர் சுட்டுக் கொன்றதால்தான் அணை உடைந்தது என்று ஊரார் கதை சொன்னார்கள். கதையை நம்ப வேண்டியதில்லை. ஆயினும், அணைக்குக் காவல் ஒன்று இருந்தது, அது அகன்றதும் கேடு வந்தது என்னும் அதன் உட்பொருளை நாம் எள்ளி ஒதுக்கிவிடவும் வேண்டியதில்லை.

கோல குபுவின் முதல் அழிவு இதுவே. ஓர் இரவில் நிகழ்ந்த அழிவாதலால் அது கதையாயிற்று; ஊர்ப்பெயரும் ஆயிற்று. அந்நகரம் இரண்டாம் முறையும் அழிந்தது. அவ்வழிவுக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. மேல்புறத்து ஈயலம்பங்களிலிருந்து கழுவிவிடப்பட்ட மணலும் சேறும் சிலாங்கூர் ஆற்றின் படுகையில் ஆண்டுதோறும் படிந்தன. படுகை உயர்ந்தது; ஆறு கரைமீறியது; மீண்டும் எழுந்த நகரம் மீண்டும் மீண்டும் மூழ்கியது. 1926ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தை அந்தத் தலைமுறை இறுதிவரை மறக்கவில்லை. ஆற்றைத் திருத்த இயலாது என்று கண்ட அரசு, நகரத்தையே மேட்டுக்கு மாற்றியது. கூட்டு மலாய் மாநிலங்களின் நகரமைப்பு அறிஞராக இருந்த சார்ல்ஸ் ரீட் அதற்குத் திட்டம் வகுத்தார். 1930களின் தொடக்கத்தில் கோல குபு பாரு, அதாவது புதிய கோல குபு, உருவாயிற்று. அதன் பெயரில் ‘புதிய’ என்னும் சொல் இருக்கிறது. ஏன் புதியது என்னும் காரணம் இல்லை. அணை உடைந்த செய்தியை ஊர்ப்பெயர் நினைவில் வைத்திருக்கிறது. சேறு படிந்த செய்தியை எப்பெயரும் வைத்திருக்கவில்லை. மெல்ல நிகழும் கேடுகளுக்குப் பெயர் வாய்ப்பதில்லை போலும்.

மொழியியல் பயின்ற நாம் மண்ணரிப்பைப் பற்றிப் பேசப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். மண்ணியலும் நீரியலும் நம் துறைகள் அல்ல. ஆனால் மலேசியாவில் மண்ணையும் நீரையும் காக்கும் பணி மாநில அரசுகளின் மேற்பார்வையில் நடைபெறும் ஒன்று. அம்மேற்பார்வை சட்டத்தின் வழியே நடைபெறுகிறது. சட்டமோ சொற்களால் ஆனது. ஒரு சொல்லுக்குச் சட்டம் தரும் பொருளும் உலக வழக்கு தரும் பொருளும் விலகி நிற்குமிடத்தில் என்ன நிகழ்கிறது என்பதே இவ்வுரையில் நாம் ஆராய எண்ணும் வினா. அச்சொல் ‘மலைநிலம்’. அதற்கு வருவதற்கு முன் ஆற்றோடு சிறிது தொலைவு நடக்க வேண்டியுள்ளது.

தீபகற்ப மலேசியாவின் மாநிலப் பெயர்களை மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். அவற்றுள் பெரும்பாலானவை ஆற்றின் பெயர்களும் ஆகும் என்பதை எத்தனை பேர் கவனித்திருப்போம்? பேராக் ஓர் ஆறு. பகாங் ஓர் ஆறு. கிளந்தான், திரங்கானு, ஜொகூர், சிலாங்கூர், கெடா, பெர்லிஸ், மலாக்கா ஆகிய அனைத்தும் ஆறுகளே. இது தற்செயல் அன்று. சாலைகள் இல்லாத அடர்காட்டில் ஆறே போக்குவரத்தின் வழி. ஆறு கடலோடு கலக்கும் கழிமுகத்தில், மலாயர் ‘கோலா’ என்று வழங்கும் இடத்தில், யார் அமர்ந்தாரோ அவர் மேலிருந்து இறங்கும் ஈயத்துக்கும் காட்டுப்பொருளுக்கும் வரி வாங்கினார். அவரே அரசர், அந்த ஆற்றின் நீர் எங்கெங்கிருந்து வந்து சேர்ந்ததோ அதுவே பெரும்பாலும் அவர் நாடு. மாநிலத்தைக் குறிக்கும் ‘நெகிரி’ என்னும் மலாய்ச் சொல், வடமொழியின் ‘நகரீ’ என்பதிலிருந்து வந்தது. நகரைக் குறித்த சொல் மலாய் மண்ணில் ஓர் ஆற்று நாட்டைக் குறிப்பதாயிற்று. இக்காலத்து நீரியலார் ‘ஆற்றுப்படுகையை ஒரே அலகாகக் கொண்டு ஆளுக’ என்று அறிவுரை கூறுகின்றனர். பழைய மலாய் அரசுகள் அறிவுரை இன்றியே ஏறத்தாழ அவ்வாறுதான் அமைந்திருந்தன. ஆனால் அவை ஆண்டது ஆற்றின் வணிகத்தை. ஆற்றின் மண்ணை ஆள வேண்டிய தேவை அந்நாளில் எழவில்லை.

தேவை எழுந்தது ஈயத்தால். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லாருட்டிலும் கிந்தாப் பள்ளத்தாக்கிலும் சிலாங்கூரிலும் ஈயத் தொழில் பெருகியது. அந்நூற்றாண்டின் முடிவில் உலக ஈயத்தில் பாதிக்கு மேல் மலாயாவிலிருந்து சென்றது. மலாய்மொழியின் ‘லொம்போங்’ என்னும் சொல்லை நம் முன்னோர் ‘லம்பம்’ ஆக்கிக்கொண்டனர். ‘ஈயலம்பம்’ என்பது இந்நாட்டுத் தமிழுக்கே உரிய சொல். லம்பத்தின் வேலைமுறை எளியது: மண்ணை நீரால் கரைத்து ஓடவிட்டால் கனமான ஈயமணல் அடியில் தங்கும், எஞ்சியது போய்விடும். ‘போய்விடும்’ என்பது லம்பத்தில் நிற்பவரின் பார்வை. கீழே வயல் வைத்திருப்பவருக்கு அது ‘வந்து சேரும்’. கோலாலம்பூர் என்னும் தலைநகரின் பெயருக்குப் பொதுவாகக் கூறப்படும் பொருள் சேற்றுக் கூடல் என்பது. கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுமிடத்தில் ஈயம் தேடி வந்தவர்கள் குடியேறிய ஊர் அது.

இங்கே ஒரு சொல்லை நின்று நோக்குவோம். தமிழில் ஆறு கொண்டுவந்து சேர்க்கும் நுண்மண்ணை ‘வண்டல்’ என்கிறோம். அது நற்சொல். காவிரி வண்டல் என்றதும் நெல் விளையும் நிலமே நினைவுக்கு வரும். பழந்தமிழில் ‘வண்டல்’ என்பது சிறுமியர் மணலில் ஆடும் விளையாட்டுக்கும் பெயர். வண்டல் படிந்தது என்று தமிழ் உழவர் வருந்தியதில்லை. ஆனால் லம்பத்திலிருந்து வந்த மண் அத்தகையதன்று. அது சத்து நீங்கிய மணலும் பிசுபிசுத்த களியும் சேர்ந்தது. வயலில் படிந்தால் வயல் கெட்டது. மலாயாவின் சட்டங்களில் அது தீங்குப் பொருளாகவே தோன்றுகிறது. ஆதலால் இவ்வுரையில் அதை வண்டல் என்று அழைக்காமல் சேறு என்றே அழைக்கிறோம். மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைப் பார்த்து ‘வண்டல் கட்டுப்பாடு’ என்று எழுதுவதை அவ்வப்போது காண்கிறோம். நன்மையைக் கட்டுப்படுத்துவதுபோல் அது நம் செவியில் ஒலிக்கிறது.

கூட்டு மலாய் மாநிலங்களில் சேற்றைக் கட்டுப்படுத்துவதற்கென்றே தனிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. லம்பத்து நீரைத் தேக்கிச் சேற்றைப் படியவிட்ட பின்னரே ஆற்றில் விட வேண்டும் என்று சுரங்க விதிகள் கூறின. 1932இல் நீர்ப்பாசன வடிகால் துறை அமைந்தது. இவை யாவும் கேடு கண்ணுக்குத் தெரிந்தபின் வந்தவை. கண்ணுக்குத் தெரியுமுன் எச்சரித்தவர்களும் இருந்தனர். பினாங்கில் வழக்கறிஞராகவும் இதழாசிரியராகவும் விளங்கிய ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன், 1848ஆம் ஆண்டிலேயே, பினாங்குக் குன்றுகளின் காடு தொடர்ந்து அழிக்கப்பட்டால் தீவின் தட்பவெப்பத்துக்கு என்ன நேரும் என்று தம் இதழில் கட்டுரை எழுதினார். அவர் அறிவியலாளர் அல்லர். மொழிகளை ஆராய்வதில் பெருவிருப்பம் உடையவர். நம் துறைக்காரர் ஒருவர் மண்ணைப் பற்றிப் பேசியதற்கு 19ஆம் நூற்றாண்டிலேயே முன்மாதிரி இருப்பது நமக்குச் சிறிது துணிவைத் தருகிறது.

ஈயம் பள்ளத்தாக்கின் மண்ணைக் கலைத்தது என்றால், ரப்பர் குன்றுகளின் மண்ணைத் திறந்துவிட்டது. 1905க்குப் பின் வந்த ரப்பர் பெருவளர்ச்சியில் காடு வெட்டப்பட்டு எரிக்கப்பட்ட சரிவுகளில் கன்றுகள் நடப்பட்டன. கன்றுக்கும் கன்றுக்கும் இடையே ஒரு புல்லும் தலைகாட்டக் கூடாது என்பது அக்காலத் தோட்ட நிர்வாகத்தின் விதி. லாலான் புல் பரவிவிடும் என்ற அச்சம் ஒரு காரணம். துடைத்துவைத்த தரையே நல்ல நிர்வாகத்தின் அடையாளம் என்ற எண்ணம் மற்றொரு காரணம். மண்வெட்டி கொண்டு தரையைச் சுரண்டிச் சுரண்டிக் களை நீக்கியவர்கள் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து வந்த ஆண்களும் பெண்களும். நாள்தோறும் பெய்யும் மாலை மழைக்குத் திறந்த சரிவு அது. மேல்மண் எங்கே போயிற்று என்பதைச் சொல்லத் தேவையில்லை. அதே காலத்தில் சிறுதோட்டக்காரர்கள் மரங்களை நெருக்கமாக நட்டு, அடியில் செடிகொடிகள் வளர்வதைப் பொருட்படுத்தாமல் விட்டனர். அதைச் சோம்பல் என்று அதிகாரிகள் குறை கூறினர். மண்ணைக் காத்தது அந்தச் சோம்பல்தான். 1920களிலும் 1930களிலும் ரப்பர் ஆராய்ச்சியாளர்கள் இதை உணரத் தொடங்கினர். தரையை மூடிப் படரும் பயற்றினக் கொடிகளை வரிசைகளுக்கிடையே வளர்க்கும் வழக்கம் பரவியது. சம உயரத்தில் படிமேடை வெட்டுவதும், வழிந்தோடும் நீரைத் தடுத்துச் சேற்றைத் தங்கவைக்கும் குழிகளைச் சரிவுக்குக் குறுக்கே வெட்டுவதும் தோட்ட வேலைகளில் இடம்பெற்றன.

நாம் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் 1960களிலும் அக்குழிகள் இருந்தன. எம் தந்தையார் பால்வெட்டு இல்லாத நாட்களில் குழி வெட்டப் போவார். நீளமும் அகலமும் ஆழமும் கங்காணி கோலால் அளந்து பார்க்கும் கணக்கு வேலை அது. மழை விட்டதும் சிறுவர்களாகிய நாங்கள் அக்குழிகளில் தேங்கிய செந்நீரில் குதித்து விளையாடுவோம். குழிக்கரை சரிந்துவிடும் என்று வசவு விழும். ‘இந்தக் குழி எதுக்குப்பா?’ என்று ஒருநாள் கேட்டதற்கு, ‘தொரை மண்ணு ஆத்துக்குப் போகாம இருக்க’ என்றார் தந்தையார். மண்ணரிப்புத் தடுப்பைப் பற்றி நாம் பின்னாளில் படித்த நூல்கள் எவற்றிலும் இவ்வளவு சுருக்கமான விளக்கத்தைக் காணவில்லை. ‘தொரை மண்ணு’ என்ற தொடரில் உடைமையும் இருக்கிறது. மண் துரையுடையது, குழி வெட்டிய உழைப்பு மட்டுமே தந்தையாருடையது. இந்நாட்டு மண்காப்பு வரலாற்றை எழுதுவோர் ஆராய்ச்சி நிலையங்களையும் சட்டங்களையும் எழுதுகிறார்கள். மண்ணைச் சுரண்டியதும் பின்னர் அதே மண்ணைத் தடுத்து நிறுத்தியதும் அதே கைகள்தாம் என்பதை எழுதுவோர் குறைவு.

இனி விடுதலைக்குப் பிந்திய காலத்துக்கு வருவோம். 1957ஆம் ஆண்டுக் கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணை எவ்வதிகாரம் யாருக்கு என்று பங்கிடுகிறது. நிலம், காடு, வேளாண்மை, ஆறு ஆகியவை மாநிலப் பட்டியலில் அமைந்தன. மலாய் அரசர்களின் இறைமையோடு நிலம் பிரிக்க முடியாதபடி பிணைந்திருந்ததால் வேறுவகையாக அமைந்திருக்க வழியில்லை. பத்தாம் அட்டவணை வருவாயைப் பங்கிடுகிறது: நிலம், சுரங்கம், காடு ஆகியவற்றிலிருந்து வரும் வருமானம் மாநிலத்துக்கு. வருமான வரி, சுங்கம் முதலிய பெரிய ஊற்றுகள் கூட்டரசுக்கு. இவ்விரண்டு அட்டவணைகளையும் ஆசிரியர்கள் தனித்தனியே கற்பிப்பதே வழக்கம். அருகருகே வைத்துப் படித்துப் பாருங்கள். மண்ணைக் காக்கும் பொறுப்பு யாரிடம் உள்ளதோ, மண்ணைத் திறந்துவிடுவதால் வரும் வருவாயும் அவரிடமே சேர்கிறது. எந்த மாநிலத்தின் நேர்மையையும் நாம் இங்கே ஐயுறவில்லை. வேறு வருவாய் வழிகள் குறைந்த ஒரு மாநில அரசு, குன்றின்மீது விண்ணப்பம் வரும்போது எத்தகைய இழுபறியில் நிற்கிறது என்பதை மட்டும் காட்டுகிறோம்.

இந்தப் பின்னணியில் 1960ஆம் ஆண்டு நிலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மாநிலங்களுக்கிடையே சீர்மை வேண்டி நிலம் குறித்து நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்று அரசமைப்பின் 76ஆம் பிரிவு இடம் தருகிறது. இச்சட்டமும் நாடாளுமன்றத்தில் பிறந்து மாநிலங்களின் கையில் வாழும் சட்டம். 1989இல் திருத்திய பதிப்பாக 385ஆம் எண் பெற்று இன்றும் தீபகற்பத்தில் நடைமுறையில் உள்ளது. சிறிய சட்டம், ஒரு மாலைப்பொழுதில் படித்து முடிக்கலாம். மலைநிலத்தில் குறுகிய காலப் பயிர்களை நடக் கூடாது, நில நிர்வாகியின் அனுமதியின்றி அங்கே மரஞ்செடிகளை அழிக்கக் கூடாது என்று அது தடுக்கிறது. ஒருவர் நிலத்திலிருந்து மண் சரிந்தோ சேறு வழிந்தோ பிறர் நிலத்துக்கும் நீரோடைக்கும் சேதம் நேர்ந்தாலோ, நேரும் நிலை இருந்தாலோ, தடுப்புச் சுவரும் வடிகாலும் பிறவும் அமைக்குமாறு நில நிர்வாகி ஆணையிட வழிசெய்கிறது. கோல குபுவின் சேற்றில் பிறந்த பட்டறிவு இச்சட்டத்தின் வரிகளில் இருக்கிறது என்றே நமக்குத் தோன்றுகிறது.

ஆனால் மலைநிலம் என்றால் என்ன?

இவ்வளவு சரிவு உடையது, இவ்வளவு உயரம் உடையது என்று சட்டம் விளக்கம் கூறும் என எதிர்பார்ப்போம். கூறவில்லை. மாநில அதிகாரம் அரசிதழில் அறிவிப்பு வெளியிட்டு எந்நிலத்தை மலைநிலம் என்று அறிவிக்கிறதோ அதுவே மலைநிலம். மூன்றாம் பிரிவின் சாரம் இதுதான். மொழியியலில் சில கூற்றுகளைச் செயற்கூற்றுகள் என்போம். ‘இக்கூட்டத்தைத் தொடங்கி வைக்கிறேன்’ என்று தலைவர் சொன்னால் அச்சொல்லே செயல். சொல்லாத வரையில் கூட்டம் தொடங்கவில்லை. மலைநிலமும் அத்தகையது. அறிவித்தால் மலைநிலம், அறிவிக்காத வரையில், எத்தனை அடி உயர்ந்தாலும் எத்துணைச் செங்குத்தாக நின்றாலும், சட்டத்தின் கண்ணுக்கு அது வெறும் நிலம். சேறு வழிந்தால் ஆணையிடும் பகுதி எந்நிலத்துக்கும் செல்லும் என்பது உண்மை. அழிக்காதே, நடாதே என்று முன்கூட்டித் தடுக்கும் பகுதியோ அறிவிக்கப்பட்ட நிலத்தைத் தாண்டிச் செல்லாது. மேலும், அறிவிக்கும் கைக்கே அறிவிப்பை நீக்கும் ஆற்றலும் உண்டு. நேற்று மலைநிலமாக இருந்தது இன்று அவ்வாறு இல்லாமல் போகலாம், குன்று அசைந்திருக்காது.

இவ்வாறு எழுதியவர்கள் அறியாமையால் எழுதவில்லை. கேமரன் மலையின் சரிவும் பினாங்குக் குன்றின் சரிவும் ஜொகூரின் தாழ்ந்த மேடுகளும் ஒரே அளவுகோலில் அடங்கா. உள்ளூர் நிலையை அறிந்த மாநிலமே முடிவு செய்யட்டும் என்று விட்டது அரசமைப்புக்கும் ஒத்தது, நடைமுறைக்கும் ஏற்றது. அவர்கள் எண்ணாதது ஒன்று: அறிவிக்காமலே இருந்துவிட முடியும் என்பது. தவறான அறிவிப்பை வழக்கு மன்றத்தில் எதிர்க்கலாம். வெளிவராத அறிவிப்பை எங்கே எதிர்ப்பது? பின்னாளில் பினாங்கு தன் திட்டக் கொள்கையில் 76 மீட்டருக்கு மேற்பட்ட நிலம், 25 பாகைக்கு மேற்பட்ட சரிவு என்று எண்களையே எல்லையாக வகுத்துக்கொண்டது. எண்ணுக்கு ஒரு நன்மை உண்டு: அளந்து பார்க்கும் எவரும் அதைச் சரிபார்க்கலாம். கங்காணியின் கோலைப் போன்றது அது.

சட்டத்துக்கும் சரிவுக்கும் இடையே உள்ள தொலைவைக் காண கேமரன் மலைக்குச் செல்ல வேண்டும். 1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் அப்பீடபூமியைக் குறித்தார். 1920களின் பிற்பகுதியிலிருந்து தேயிலையும் மலை வாசத்தலமும் வந்தன. அங்கே தேயிலைத் தோட்டங்களில் வேலைக்குச் சென்ற தமிழ்க் குடும்பங்களின் மரபு இன்னும் தொடர்கிறது. தேயிலை நெருங்கி வளர்ந்து தரையை மூடும் செடி. வேரூன்றியபின் சரிவைப் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். காய்கறியின் இயல்பு வேறு. ஆண்டுக்குப் பலமுறை தரை கிளறப்படும். அறுவடைக்கும் அடுத்த நடவுக்கும் இடையே மண் வெறுமையாகக் கிடக்கும். பிளாஸ்டிக் கூரையிட்ட பாத்திகள் மழையை உறிஞ்சாமல் வாய்க்காலுக்கு விரட்டும். அம்மலையின் காய்கறி நிலங்களில் பல, தற்காலிக நில உரிமத்தில் நடப்பவை. மக்கள் அதை டி.ஓ.எல். என்பர். 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின்படி அவ்வுரிமம் அவ்வாண்டின் இறுதியோடு முடிந்துவிடும். மீண்டும் கேட்டுப் பெற வேண்டும். டிசம்பர் 31க்குப் பின் நிலம் தம்மிடம் இருக்குமா என்று அறியாத உழவர், பத்தாண்டு பயன்தரும் கல்மேடையை எதற்காகக் கட்டுவார்? அவரைப் பேராசைக்காரர் என்று தூற்றுவது எளிது, தூற்றியும் இருக்கிறோம். உரிமத்தின் காலம் குறுகியதாக இருக்கும்போது மண்ணைப் பற்றிய கவலையும் அதே அளவு குறுகிவிடுகிறது. கோல் அளவுக்குக் குழி வெட்டவைத்த துரைக்கு மண்ணின்மீது இருந்த நீண்டகால உடைமை இவ்வுழவருக்கு இல்லை.

அங்கிருந்து சேறு செல்லும் வழியைப் பார்ப்போம். பெர்தாம் ஆறும் தெலோம் ஆறும் பகாங்கில் பிறப்பவை. ரிங்லெட்டில் 1963இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணை பெர்தாமைத் தேக்குகிறது. தெலோமின் நீரும் சுரங்கப்பாதை வழியே கொண்டுவரப்படுகிறது. தேங்கிய நீர் மலைக்குள் குடைந்த மற்றொரு பாதையில் இறங்கிப் பேராக் மாநிலத்து மின்நிலையத்தைச் சேர்கிறது. மண்ணின் மேற்பார்வை பகாங்கிடம். மின்சாரம் கூட்டரசு வழங்கிய உரிமத்தில். நீர் சென்று சேர்வதோ பேராக்கில். ஆறும் நெகிரியும் ஒன்றாக இருந்த பழைய நிலப்படத்தை அந்தச் சுரங்கப்பாதை கிழித்துவிட்டது. நீரோடு வந்த சேறு மட்டும் எல்லை கடக்காமல் ரிங்லெட் ஏரியிலேயே தங்குகிறது. ஏரியின் கொள்ளளவைச் சேறு தின்றால் வெள்ளத்தைத் தாங்கும் இடம் குறைகிறது. 2013ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் நள்ளிரவில், பெருமழைக்கிடையே அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது, கீழே பெர்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் புகுந்து உயிர்களைப் பறித்தது. வீடுகளும் வண்டிகளும் புதைந்து கிடந்த படங்களை நாளிதழ்களில் பார்த்தபோது நமக்குக் கோல குபுவே நினைவுக்கு வந்தது. அங்கே நாற்பதாண்டு எடுத்த அழிவும் ஓரிரவில் நேர்ந்த அழிவும் இங்கே ஒன்றாகச் சேர்ந்துகொண்டன.

கூட்டரசு வாளாவிருந்ததாகச் சொல்ல முடியாது. 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் சட்டத்தின்கீழ் 1987இல் வந்த ஆணை, பெருந்திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. 2000இல் வடிகால் துறை வெளியிட்ட மழைநீர் மேலாண்மைக் கையேடு கட்டுமான இடங்களின் சேற்றுக்கும் நெறிகள் வகுத்தது. நிலக் கொள்கைக்கென அரசமைப்பின் 91ஆம் பிரிவு அமைத்த தேசிய நில மன்றத்தில் கூட்டரசும் மாநிலங்களும் ஒரே மேசையில் அமர்கின்றன. 2005இல் அரசமைப்பு திருத்தப்பட்டுக் குடிநீர் வழங்கல் பொதுப் பட்டியலுக்கு வந்தது. குழாயில் வரும் நீர் கூட்டரசின் கண்காணிப்புக்குள் சென்றது. ஆயினும் குழாய்க்குப் பின்னே உள்ள ஆறும், ஆற்றுக்குப் பின்னே உள்ள குன்றும் மாநிலத்திடமே உள்ளன. நீர் ஒன்றுதான், அது எவ்விடத்தில் நிற்கிறதோ அதற்கேற்ப அதன் ஆட்சியாளர் மாறுகிறார்.

மாநிலங்களுள் முயன்றவையும் உண்டு. சபா 1998இல் நீர்வளச் சட்டம் இயற்றியது. சிலாங்கூர் 1999இல் தன் நீர் மேலாண்மை வாரியத்தைச் சட்டத்தால் நிறுவியது. ‘லுவாஸ்’ என்று நாளிதழ்களில் படிக்கிறோமே, அதுதான். ஆற்றை அதன் படுகை முழுவதோடும் நோக்கும் அமைப்பு அது. சிலாங்கூர் ஆறும், அதன்கரையில் புதைந்த பழைய கோல குபுவும் அதன் பார்வைக்குள் வருகின்றன. கெடாவும் 2007இல் அவ்வழி சென்றது. இம்முயற்சிகளை நாம் மதிக்கிறோம். ஆனால் ஆற்றைக் காக்கும் வாரியமும் நிலத்தை வழங்கும் அலுவலகமும் வெவ்வேறு கட்டடங்களில் இருக்கும் வரையில், முதலாவது எழுதும் கடிதத்தை இரண்டாவது எவ்வளவு விரைவில் பிரிக்கிறது என்பதிலேயே பல காரியங்கள் தங்கியிருக்கும். அரசு அலுவலில் இருந்தோர் இதை மறுக்கமாட்டார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இடைநிலைப் பள்ளியில் இப்பொருளைப் பற்றிச் சிறிது பேசினோம். பள்ளியின் பின்புறம் ஒரு குன்று. அதன் ஒரு பக்கம் வெட்டப்பட்டுச் செம்மண் தெரிந்தது. பேச்சு முடிந்ததும் நான்காம் படிவ மாணவி ஒருத்தி எழுந்து, ‘ஐயா, எங்கள் பள்ளிக்குப் பின்னால் இருப்பது மலையா, மலைநிலமா?’ என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நம்மிடம் விடை இல்லை. கண்டறிந்து சொல்கிறோம் என்று வாக்களித்து வந்தோம்.

மாவட்டத்து அலுவலகம் ஒன்றுக்கு நேரில் சென்றோம். முகப்பில் இருந்த இளைஞர் மரியாதையோடு வரவேற்று, லாட் எண்ணைக் கேட்டார். குன்றுக்கு லாட் எண் தெரியாது என்றோம். பக்கத்து நிலத்தின் எண்ணாவது வேண்டும் என்றார். பள்ளியின் எண்ணைத் தலைமையாசிரியரிடம் பெற்றுத் தந்தோம். குன்று அதற்குள் இல்லை. அரசிதழ் அறிவிப்புகளின் தொகுப்பு உண்டா என்று கேட்டோம். தலைநகர் அலுவலகத்தில் இருக்கலாம், எழுதிக் கேளுங்கள் என்றார். எழுதினோம். மூன்று மாதங்கள் கழித்து மறுமொழி வந்தது: கோரிய தகவலுக்கு நிலத்தின் லாட் எண்ணைக் குறிப்பிடுமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள். அந்த மாணவி அதற்குள் ஐந்தாம் படிவத்துக்குச் சென்றுவிட்டாள். கடிதத்தின் படியை அவளுக்கு அனுப்பினோம். அவளும் தோழியர் இருவரும் நில அளவை வரைபடம் ஒன்றைத் தேடிப் பிடித்து, வேலியோரக் கல்லில் செதுக்கியிருந்த எண்ணை மண் துடைத்துப் படித்து நமக்கு எழுதி அனுப்பினார்கள். அந்த எண்ணோடு இரண்டாம் விண்ணப்பம் இப்போது அனுப்பப்பட்டுள்ளது.